ஸ்ரீதர்: கேட்பவரின் முகம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். கல்லூரியில் படிக்கும் என் மகன் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விட்டான். ‘ஆளாளுக்குத் தியாகம் செய்துகொண்டே இருக்கிறார்கள்’ என்பது அவன் புகார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அவனுக்குச் சொல்ல மறுமொழி இல்லை. ஸ்ரீதர் வசனகர்த்தாவாக வந்தவர்; முக்கோணக் காதலையே மாற்றி மாற்றி எடுத்தவர். அவரைப் புதுமை இயக்குநர் என்று எதற்காகச் சொன்னார்கள்? அந்தப் படங்கள் நிற்பது அவராலா, வின்சென்டின் கேமராவாலும் கண்ணதாசன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாடல்களாலுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் மகனின் புகாரை நான் மறுக்கப்போவதில்லை. ‘கல்யாணப் பரிசு’ படத்தில் தங்கை வசந்தி தன் காதலன் பாஸ்கரை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறாள். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில், தான் இறந்தால் மனைவி அவளுடைய பழைய காதலனையே மணந்துகொள்ள வேண்டும் என்கிறான் கணவன். அந்தக் காதலனோ, டாக்டராக, அவளுடைய கணவனைப் பிழைக்கவைத்துவிட்டுத் தான் இறந்துபோகிறான். இவ்வளவு தியாகத்தை ஒரே ஆள் எழுதியிருக்க வேண்டாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் வசனகர்த்தாவாக வந்தவர் என்பதை நீங்கள் ஒரு குறையைப்போலக் குறிப்பிடுகிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூரில் 1933-இல் பிறந்த ஸ்ரீதர், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய ‘இரத்தபாசம்’ நாடகத்தின் வழியாக எழுத்தாளராக அறியப்பட்டவர். அது 1954-இல் படமானது. அதே ஆண்டில் ‘எதிர்பாராதது’, 1956-இல் ‘அமரதீபம்’, 1958-இல் ‘உத்தம புத்திரன்’ என்று பிறர் இயக்கிய படங்களுக்கு எழுதினார். அது வசனகர்த்தாக்களின் காலம். ‘பராசக்தி’ வெளியாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில் அவர் உள்ளே வருகிறார். நடிகர் பேசுவார், அவையோர் கைதட்டுவார்கள், வசனம் தனிப் புத்தகமாக விற்கும். எதிரே நிற்கும் பாத்திரத்துக்குத் தன் முறை வரும்வரை வேலையே கிடையாது.

என் சிறுவயதில் பல படங்களைப் பார்ப்பதற்கு முன்பே வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டிருக்கிறேன். வீட்டுத் திண்ணையில் வானொலியைச் சுற்றிப் பத்துப்பேர் உட்கார்ந்து கேட்போம். அப்படிக் கேட்டதில் வசனப் படங்கள் எதையும் இழக்கவில்லை. பிற்பாடு திரையில் பார்த்தபோது கூடுதலாகக் கிடைத்ததும் குறைவுதான். ‘கல்யாணப் பரிசு’ மட்டும் கடைசியில் விளங்கவில்லை. மணமேடைக்கு வந்த பாஸ்கர் என்ன கொடுத்தான், ஏன் எல்லோரும் திகைக்கிறார்கள் என்று பெரியவர்கள் விளக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து அந்த முடிவைப் பார்த்தேன். தாயில்லாத தன் குழந்தையை வசந்தியின் கையில் கொடுத்துவிட்டு அவன் திரும்பி நடந்து போகிறான். அந்த இடத்தின் கனம் அவன் பேசுவதில் இல்லை. பரிசைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும் வசந்தியின், அதாவது சரோஜாதேவியின் முகத்தில் இருக்கிறது. ஐந்தாண்டுகள் பிறர் வாயில் வசனத்தைப் போட்டுக்கொடுத்த ஒருவர், 26 வயது நிறையும் முன்பே, 1959-இல், தானே இயக்கிய முதல் படத்தின் முடிவை இப்படி அமைத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஸ்ரீதரின் பங்கு என்று நான் கருதுவது இதுதான். காட்சியின் எடையைப் பேசுபவரிடமிருந்து எடுத்துக் கேட்பவரிடம் வைத்தார். நீங்கள் சலிப்போடு குறிப்பிடும் முக்கோணமும் அவருக்கு இதற்காகவே தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். மூன்று பேர் இருக்கும் கதையில் எவரேனும் ஒருவர், காதால் கேட்கவே கூடாத ஒன்றை நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் கணவன் தன் விருப்பத்தைச் சொன்ன பிறகு, ‘சொன்னது நீதானா’ என்று மனைவி பாடத் தொடங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. இப்போது கேட்க வேண்டியவன் அவன். நோயாளி; எழுந்து வெளியே போகவும் முடியாது. கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளிவரும் வின்சென்டின் கேமராவை எல்லோரும் வியக்கிறோம், வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேமராவைக் கட்டிலுக்கு அடியில் நுழையவைத்தது எது? ஏறத்தாழ முழுக் கதையையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் அடைத்துவைத்த திரைக்கதை. வெளியே தோட்டமும் இல்லை, அருவியும் இல்லை. பாட்டு வந்தால் கட்டிலும் சுவரும் ஜன்னலும்தான். இடத்தை இப்படிச் சுருக்குவது கேமராமேனின் முடிவாக இருக்க முடியாது. அது எழுதுகிறவன் தாளில் எடுக்கும் முடிவு.

பாடல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதே கதையை ஸ்ரீதரே 1963-இல் இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்தார். ராஜேந்திர குமார், மீனாகுமாரி, ராஜ்குமார் நடித்தார்கள், இசை சங்கர்–ஜெய்கிஷன். கண்ணதாசனும் மெல்லிசை மன்னர்களும் இல்லாமலேயே அங்கும் அந்தப் படம் ஓடியது. பாடல்களின் பெருமையை இது குறைக்காது. படத்தின் எலும்புக்கூடு எவருடையது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அழுகைப் படங்களில் மட்டும்தான் இது செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். ‘காதலிக்க நேரமில்லை’ 1964-இல் வண்ணத்தில் வந்த முழுநீள நகைச்சுவை. சித்ராலயா கோபுவும் எழுத்தில் தோள்கொடுத்தார். அதில் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா பாலையாவுக்குத் தன் பேய்க்கதையைச் சொல்லும் காட்சியை அறியாத தமிழர் குறைவு. அந்தக் காட்சியில் நாகேஷுக்கு நினைவில் நிற்கும்படியான வசனம் என்று ஏதேனும் உண்டா? பெரும்பாலும் வாயால் எழுப்பும் சத்தங்கள்தான். சிரிப்பு முழுவதும் பாலையாவிடம் இருக்கிறது. எஸ்டேட் வைத்திருக்கும் பெரிய மனிதர், மகனை ஒரு பொருட்டாகவே மதிக்காதவர், அந்தச் சத்தங்களுக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கப்பட்டு, முகம் மாறி, அது கதைதான் என்பதையே மறந்து நடுங்குகிறார். கதை சொல்லிப் பிழைத்த ஒருவர், கதை கேட்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதையே ஒரு காட்சியாக எழுதிவிட்டார். தமிழில் திரைக்கதை பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த கட்டுரை அந்தச் சில நிமிடங்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு, பாதி விளையாட்டாகத்தான்.

பிற்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 1965-இல் ‘வெண்ணிற ஆடை’ வரையில் இந்த முறை கைகொடுத்தது. 1969-இல் ஐரோப்பா வரை போய் எடுத்த ‘சிவந்த மண்’ படத்தில் கண்ணுக்கு நிறைய இருக்கிறது. ஆனால் காட்சி அகலமாக அகலமாகக் கேட்பவரின் முகம் சிறுத்துக்கொண்டே போகிறது. எம்.ஜி.ஆரை வைத்து 1974-இல் எடுத்த ‘உரிமைக்குரல்’ பெரிய வெற்றி பெற்றது. ஸ்ரீதருக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட படம் என்றே அதைச் சொல்வார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எம்.ஜி.ஆர். படத்தில் எம்.ஜி.ஆர். சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள்; கேட்டு உடைந்துபோகும் நாயகனுக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் 1978-இல் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ படத்தில் கமலஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா என்று மறுபடியும் மூன்று பேரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பழைய ஸ்ரீதர் தெரிந்தார். நண்பனுக்காக விட்டுக்கொடுப்பது அதிலும் உண்டு. உங்கள் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அந்தப் பேய்க்கதைக் காட்சியை மட்டும் அவனுக்கு இரண்டு முறை போட்டுக்காட்டுங்கள். முதல் முறை அவன் நாகேஷைத்தான் பார்ப்பான், எல்லோரும் அப்படித்தான் பார்த்தோம். இரண்டாம் முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, பாலையாவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே சிரித்தான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.