கேள்வி-பதில்: இணையாத உடன்படிக்கை, கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேரவே இல்லையே. வேலை, வீடு, மருத்துவம் பற்றியெல்லாம் வெளியிலிருந்து நம்மை யார் கேட்க முடியும்? கேட்டாலும் அது வெறும் காகிதம்தானே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கேட்க முடியும், கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். 1966-ல் ஐ.நா. ஏற்று 1976-ல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையில் நாம் இல்லை என்பது உண்மைதான். அதைக் கண்காணிக்கும் 18 நிபுணர்கள் கொண்ட குழு நம்மிடம் அறிக்கை கேட்க முடியாது. ஆனால் பெண்கள், குழந்தைகள் உடன்படிக்கைகளில் 1995-ல் இணைந்தோம். உடற்குறையுள்ளோருக்கானதில் 2013-ல், இனப் பாகுபாட்டு ஒழிப்புக்கானதில் 2017-ல். பெண்கள் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு வேலை, 12-ஆம் பிரிவு மருத்துவம். இனப் பாகுபாட்டு உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவில் வேலை, வீடு, கல்வி மூன்றும் இருக்கின்றன. இந்த ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் ஒரு நிபுணர் குழு உண்டு. அதற்கு அரசு அறிக்கை தர வேண்டும். குழு கேள்விப் பட்டியல் அனுப்பும். எழுத்தில் பதில் போகும். பிறகு ஜெனீவாவில் நேருக்கு நேர் விசாரிப்பு, கடைசியில் பரிந்துரைகள். இவை போக, எந்த உடன்படிக்கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தையும் பரிசீலிக்கும் உலகளாவிய சுழற்சி மறுஆய்வு இருக்கிறது. 2011, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் நாம் அதற்கு உட்பட்டோம்.

வெறும் காகிதமா என்றால், இல்லப் பணிப்பெண்களின் ஓய்வுநாளைப் பாருங்கள். 2011-ல் பெண்கள் உடன்படிக்கைக் குழு அவர்களின் நிலையைப் பற்றிக் கேட்டது. வார ஓய்வுநாள் விதி 2013 ஜனவரியில் வந்தது. ஆனால் பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்க வழி இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டாமல் ஓய்வாகவே தர வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில்தான் வந்தது. குழு கேட்டதால் மட்டும் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளூர் அமைப்புகள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டன. ஜெனீவாவில் கூடும் குழு தன் பரிந்துரையில் எழுதிய பத்தி அவர்கள் கைக்கு ஒரு பிடிமானம் தந்தது. வேலை நியமனச் சட்டம் இன்னும் அவர்களுக்குப் பொருந்தாது, ஆகவே கேள்வி முடியவில்லை.

உள்ளூர் அமைப்புகளும் இந்தக் குழுக்களுக்கு எழுதி அனுப்பலாம். அப்படிப் போகும் பல மனுக்கள் வீணாவது எங்கே தெரியுமா? "பணிப்பெண்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்" என்று எழுதி அனுப்புவதில். அதை வைத்து நிபுணர் ஒருவர் அமைச்சு அதிகாரியிடம் என்ன கேட்பார்? எந்தப் பிரிவு, சென்ற முறைப் பரிந்துரையில் எத்தனையாவது பத்தி, எந்த உள்ளூர்ச் சட்டம் யாரை விட்டுவிடுகிறது, ஆண்டும் மூலமும் குறிப்பிட்ட புள்ளிவிவரம், முடிவில் குழு கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி: இவ்வளவு இருந்தால் அது அறைக்குள் ஒலிக்கும். நாட்டின் சராசரி எண் போதாது. சராசரியில் யார் மறைந்துபோகிறார்கள் என்று பால், இனம், வேலை அனுமதி வாரியாகப் பிரித்துக் கேட்பதுதான் இந்தக் கண்காணிப்பின் உயிர். சிங்கப்பூர் எந்தப் பிரிவுகளுக்கு விலக்கு வைத்திருக்கிறது, அதாவது எவற்றை முழுமையாக ஏற்கவில்லை என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பெண்கள் உடன்படிக்கையில் 2-ஆம், 16-ஆம் பிரிவுகளுக்கு விலக்கு இருக்கிறது.

அளவும் கெடுவும் கறார். உலகளாவிய சுழற்சி மறுஆய்வுக்குத் தனி அமைப்பு 2,815 சொற்களுக்குள், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொற்களுக்குள் எழுத வேண்டும். கூட்டம் நடப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அனுப்பிவிட வேண்டும். பத்திரிகையில் செய்தி பார்த்த பிறகு எழுத உட்காருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஒன்று மட்டும் முடியாது. தனிநபர் புகாரைக் குழுக்கள் ஏற்க வழிசெய்யும் கூடுதல் நெறிமுறைகளில் நாம் இணையவில்லை. சம்பளம் கிடைக்காத ஊழியர் நேரே ஜெனீவாவுக்கு எழுதிப் பரிகாரம் பெற வழியில்லை. அவர் உடனே போக வேண்டிய இடம் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான TADM; இல்லப் பணிப்பெண் என்றால் மனிதவள அமைச்சு. ஜெனீவாவுக்குப் போகும் அறிக்கையில் அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர், எத்தனை மாதச் சம்பளம் என்ற கணக்கு இடம்பெறலாம், பெயர் வேண்டாம்.