மறு: புதிய விரைவுச்சாலை எங்கள் தோப்பை இரண்டாகப் பிரிக்கிறது

வணக்கம் நண்பரே. பழைய இருவழிச் சாலைக்குப் பதிலாக வரும் விரைவுச்சாலை உங்கள் தென்னந்தோப்பின் நடுவே போகிறது, நிலத்தைக் கையகப்படுத்தப் போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிப்பும் வந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, அரசிதழில் இந்த 3ஏ அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த கட்டமாக, கையகப்படுத்தலை உறுதி செய்யும் 3டி அறிவிப்பு வந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும். அப்புறம் பேச்செல்லாம் பணத்தைப் பற்றித்தான்.

உங்கள் கிணறு கிழக்கே, மரங்களில் பாதி மேற்கே என்கிறீர்கள். இதுதான் பெரிய சிக்கல். பழைய சாலையைப் போல இதில் குறுக்கே நடக்கவோ மாட்டை ஓட்டவோ முடியாது, இரு பக்கமும் வேலி. அதனால் சுரங்கப்பாதையும், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வழியும் வேண்டும் என்று ஆட்சேபணையிலேயே எழுதுங்கள். சாலை போட்ட பிறகு கேட்டால் கிடைப்பது மிகக் கஷ்டம்.

என் மாமாவின் நிலத்தை அதிகாரிகள் அளந்தபோது கிணற்றை எழுதினார்கள்; மண்ணுக்கடியில் போன பிவிசி குழாயை எழுதவில்லை. ஓர் இடத்தில் தோண்டிக் காட்டிய பிறகுதான் சேர்த்தார்கள். எனவே மரங்களை எண்ணி, குழாய், மோட்டார் கொட்டகை என எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வையுங்கள்.

இழப்பீடு 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கணக்கில் வரும். சந்தை மதிப்போடு 100 சதவீத ஆறுதல் தொகையும் (கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்கான கூடுதல் பணம்) உண்டு. நிலம் துண்டானதால் வரும் நட்டத்தைத் தனியாகக் கேளுங்கள், தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி(7) பிரிவு அதற்கு இடம் தருகிறது. தொகை குறைவென்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகலாம்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலா? அதை உடனே மாற்றுங்கள்.