தகைவிலான் கோட்டை

அன்புள்ள ஐயா,

12 வருடங்களாகப் பறவை பார்த்து வருகிறேன். வரும் மே மாதம் ஆர்மேனியாவுக்கு 9 நாள் குழுப் பயணம் ஒன்றில் சேரலாம் என்றிருக்கிறேன். காலையில் பறவைகள், மதியத்துக்கு மேல் மடாலயங்கள், அருங்காட்சியகங்கள் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பழைய சர்ச்சுகளில் ஈடுபாடு இல்லை. அந்த நேரத்திலும் பறவை பார்க்க வழி உண்டா? இரண்டையும் கலப்பது வியாபாரத் தந்திரம்தானே? நீங்கள் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன். சைவச் சாப்பாடு கிடைக்குமா, எந்த லென்ஸ் எடுத்துப்போகலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை நான் சென்னை அரண்மனைக்காரன் தெருவில் இருந்தேன். ஆர்மேனியன் தெரு என்பது நம் வாயில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் அங்கே இருக்கிறது. கல்லூரி நாட்களிலிருந்தே அங்கு போய்க் கல்லறைக் கற்களில் உள்ள எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பேன். வாசிக்கத் தெரியாது. கொக்கி கொக்கியாக, ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் போல முகஜாடையுள்ள எழுத்துகள். உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் இதே ஊரில் அச்சிட்ட பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோனியன் அந்த முற்றத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். சொந்த நாடே இல்லாத காலத்தில், நம் வெயிலில் உட்கார்ந்து எழுத்துக் கோத்த மனிதர். அவரை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "சர்ச்சுகளில் ஈடுபாடு இல்லை" என்று உங்கள் கடிதம். கோபம் வந்தது, மறைக்கவில்லை.

லென்ஸைப் பற்றி உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். லவாஷ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கீரையும் இருக்கும் ஊரில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். மே நல்ல மாதம். குழுவோடு போவதும் சரிதான். அர்மாஷ் மீன் குளங்கள் துருக்கி எல்லையை ஒட்டியவை, தெரிந்தவர் அழைத்துப்போனால்தான் நிம்மதி.

வியாபாரத் தந்திரம் என்கிறீர்களே, அதை மட்டும் விட மாட்டேன்.

அதே அர்மாஷில் வெள்ளைவால் ஆட்காட்டியையும் நீலக்கன்னப் பஞ்சுருட்டானையும் பார்க்கத்தானே போகிறீர்கள்? அரராத் சமவெளி ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்தது. சோவியத் காலத்தில் பெரும்பகுதியை வடித்து வயலாக்கினார்கள். இருந்த இடம் போனதால் நீர்ப்பறவைகளுக்கு மீன் வளர்க்க வெட்டிய குளங்கள் கதியாயின. செவான் ஏரியும் அப்படித்தான். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் என்று 1930களிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, மட்டம் 20 மீட்டர் அளவுக்கு இறங்கியது. தீவு தீபகற்பமானது. படகில் போக வேண்டியிருந்த 9ஆம் நூற்றாண்டு மடாலயத்துக்கு இன்று படியேறிப் போகலாம். பக்கத்திலிருந்த கில்லி ஏரியை அடியோடு வற்றவைத்ததில் அங்கே கூடுகட்டிய பறவைகளும் போயின. அந்த மடாலயத்துக்குப் போகும் வழியில் நின்று ஆர்மேனியக் கடற்காகத்தைப் பார்க்கும்போது, கால் வைத்திருக்கும் மண் முன்பு எந்த ஆழத்தில் இருந்தது என்று தெரியாமல் பார்த்து என்ன பயன்?

நான் போன குழுவிலும் உங்களைப் போல இருவர் இருந்தார்கள். யெரெவானில் மாதெனதாரான் என்ற சுவடி இல்லத்துக்குப் போனபோது, வண்டியை விட்டு இறங்காமல் அன்று பார்த்த பறவைகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பறவை! மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் என்பவர் 405ஆம் ஆண்டுவாக்கில் அமைத்த ஆர்மேனிய எழுத்துகளை, பிற்காலத்தில் ஏடெழுதிய துறவிகள் பத்தியின் தொடக்கத்தில் பறவைகளாகவே வரைந்தார்கள். தெர்ச்னகிர் என்று பெயர், பறவையெழுத்து. நான் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்த ஏட்டில் இரண்டு பறவைகள் கழுத்தைப் பின்னி நின்றன. ஒன்றின் வளைந்த முதுகு எழுத்தின் கொக்கி, மற்றதன் வால் அதன் கால். நீலம் இன்னும் ஈரமாக இருப்பது போலிருந்தது. அலகு ஓரிடத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது, கை நடுங்கியிருக்க வேண்டும். குளிரில் விரல் விறைத்திருக்குமோ, வயதாகியிருந்ததோ. அரண்மனைக்காரன் தெருவில் 30 வருடம் நான் தடவிய கொக்கிகள் அங்கே இறக்கை முளைத்து உட்கார்ந்திருந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்தால் வண்டியில் அந்த இருவரும், "இன்று 61" என்றார்கள்.

12 வருடம் பறவை பார்த்த உங்களுக்கு இது புரியாமல் போகாது. பட்டியல் பிடித்து ஆட்டுகிறது, அவ்வளவுதான். நானும் அதில் கிடந்து எழுந்தவன்.

யெரெவானில், 1915இல் துருக்கியின் ஒட்டோமான் அரசு ஆர்மேனியர்கள்மீது நடத்திய இனப்படுகொலையின் நினைவிடம் இருக்கும் குன்றுக்கு ட்ஸிட்ஸெர்னகபெர்ட் என்று பெயர். தகைவிலான் பறவையின் கோட்டை என்று பொருள். தேவர்களுக்குச் சேதி கொண்டுபோன தகைவிலான்கள் அங்கே இருந்தனவாம், பழைய கதை. நம்மூர்ப் புலவர் நாரையிடம் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பினார். ஆர்மேனியர்களின் பழம்பாட்டு ஒன்றில் ஊரைவிட்டுப் போனவன், பறந்து வரும் பெருங்கொக்கிடம் "எங்கள் நாட்டிலிருந்து சேதி ஏதும் இல்லையா?" என்று கேட்கிறான். கொமிதாஸ் அதற்கு இசை அமைத்தார். 1915இல் கைதாகி நாடுகடத்தப்பட்டு, உயிரோடு திரும்பியும் மனம் குலைந்துபோன பாதிரியார் அவர். அந்தக் கொக்கின் பெயர் ஆர்மேனிய மொழியில் 'குருங்க்'. நம் குருகு உடனே ஞாபகம் வரும். இதை வைத்து மொழி ஆராய்ச்சிக்குப் போய்விடாதீர்கள். இரண்டு ஊர்க்காரர்களும் பறவையின் குரலைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், அது போதும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மதியத்தில் தனியாகப் பறவை பார்க்க முடியுமா? கேட்டால் விடுவார்கள். ஆனால் நோரவாங்க் மடாலயத்துக்கு மட்டும் அவர்களோடு போய்விடுங்கள். அந்தச் செம்பாறைப் பள்ளத்தாக்கில் ராக் நட்ஹாச் என்ற சிறு பறவை மண்ணைக் குழைத்துக் குடுவை போலக் கூடு கட்டும். கல் தச்சர் மோமிக் 700 வருடங்களுக்கு முன் செதுக்கிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எதிர்ப்பாறையில் இந்தக் கொத்தனார் வேலை செய்துகொண்டிருப்பார்.

அர்மாஷில் எங்கள் கடைசிக் காலை. எதிரே அரராத் மலை. அது துருக்கியில் இருக்கிறது. தரைவழி எல்லை 1993 முதல் மூடிக் கிடக்கிறது. நாணலுக்கு மேல் ஒரு சேற்றுப்பூனைப்பருந்து வட்டமிட்டு, அராஸ் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. வண்டியில் இருந்த இருவரில் ஒருவர் அப்போதுதான் அதைப் பார்த்தார். "எல்லைக்கு அப்பால் பார்த்ததை ஆர்மேனியா கணக்கில் சேர்க்கலாமா?" என்று வழிகாட்டியிடம் கேட்டார். அந்தப் பையனுக்கு 30 வயது இருக்கும். பைனாகுலரை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்றான்.

"அது சுர்மலு. என் பாட்டியின் அம்மா பிறந்த இடம். சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றான்.