இலைத்துண்டு மிதந்தால் அது கூண்டுப்புழு

கேள்வி: தாளடி (இரண்டாம் போக நெல்) நடவு முடிந்து 18 நாள் ஆகிறது. பள்ளமான வயல், தண்ணீர் எப்போதும் நிற்கிறது. இலை நுனிகள் கத்தரியால் நறுக்கியதுபோல் இருக்கின்றன. சுருண்ட இலைத்துண்டுகள் வரப்போரம் மிதக்கின்றன. இலைச்சுருட்டுப்புழு என்று மருந்து அடித்தும் கேட்கவில்லை. என்ன செய்வது?

பதில்: இது நெல் கூண்டுப்புழு. இலைச்சுருட்டுப்புழு இலையை நறுக்காது. பயிரிலேயே நீளவாக்கில் சுருட்டி உள்ளிருந்து சுரண்டும். மிதக்கும் சுருண்ட துண்டுதான் இதன் கூண்டு; ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வெளிர்பச்சைப் புழுவும், அதன் உடலின் இருபுறமும் நூல்போன்ற செவுள்களும் தெரியும்.

அந்தச் செவுளில்தான் அதன் பலமும் பலவீனமும். புழு மூச்சுவிடத் தண்ணீர் வேண்டும். அதனால் கூண்டுக்குள் கொஞ்சம் நீரை வைத்துக்கொண்டே பயிரில் ஏறி, இலையின் பச்சையத்தைச் சுரண்டுகிறது. ஒருநாள் மட்டும் வடித்துவிட்டுத் திரும்பத் தண்ணீர் கட்டினால் அது சாகாததற்கு இதுவே காரணம்.

முதலில், தண்ணீர் நிற்கும்போதே இருவர் எதிரெதிர் வரப்பில் நின்று, பயிர்மேல் கயிறு போட்டு இழுங்கள். கூண்டுகள் உதிர்ந்து காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கும். முறத்தால் அள்ளிப் புதைத்துவிடுங்கள். பிறகு வடிமடையில் கொசுவலைத் துணி கட்டித் தண்ணீரை வடியுங்கள். வலை இல்லாவிட்டால் புழு பக்கத்து வயலுக்குப் போகும், சண்டைதான் மிச்சம். 3 நாள் காய வேண்டும். பள்ளங்களில் குட்டையாக நின்றால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளும்; சிறு வாய்க்கால் கிழித்து அதையும் வடித்துவிடுங்கள். மேலுர யூரியாவைத் தண்ணீர் திரும்பக் கட்டும்வரை தள்ளிப்போடுங்கள்.

தாமதிக்கக் கூடாது. புழுப்பருவம் ஏறக்குறைய 3 வாரம். அதன்பின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் கூண்டை ஒட்டி, ஒரு வாரம் கூட்டுப்புழுவாக (அந்துப்பூச்சியாக மாறுமுன் அசையாமல் கிடக்கும் பருவம்) இருக்கும். அப்போது வடித்தாலும் கயிறு இழுத்தாலும் பெரிய பலனில்லை.

வெளிவரும் வெள்ளை அந்துப்பூச்சி, தண்ணீரில் படிந்து கிடக்கும் இலைகளின் அடிப்பக்கம் முட்டையிடும். ஆகவே அடுத்த நடவில் இளநாற்றை ஆழத் தண்ணீரில் நடாதீர்கள். ஓர் அங்குலம் போதும். இலை நீரில் படியாது, முட்டையிட இடமும் இருக்காது. வரப்புப் புல்லையும் செதுக்கிவிடுங்கள், அதிலும் இந்தப் புழு வளரும்.

தண்ணீரில் மண்ணெண்ணெய் விடுவது பழைய வழக்கம். வடிக்க முடிகிற வயலுக்கு அது வேண்டாம். இந்தப் புழுவைத் தின்னும் நீர்வண்டுகளும் சேர்ந்து சாகும். குத்துக்கு (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துக்கு) 2 இலை புதிதாக வெட்டுப்பட்டிருந்து, மழையால் வடிக்கவும் முடியாவிட்டால் மட்டுமே மருந்தை யோசியுங்கள். தூர் கட்டி (அடியில் பக்கத் தண்டுகள் விட்டு) முடித்த பயிர் தானே தேறிவிடும்.