மகன் அம்மாச்சியிடமே ஒட்டிக்கொள்கிறான், எம்.டி.யை விட்டுவிடலாமா?

கேள்வி: மருத்துவ மேற்படிப்பு எம்.டி. இரண்டாம் வருடம் படிக்கிறேன், அக்கா. மகனுக்கு எட்டு மாதம். ஊரிலிருந்து அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். நைட் ட்யூட்டி முடித்து, ரவுண்ட்ஸும் முடித்து, மத்தியானம் ஓடி வந்து கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொள்கிறான். பாலும் குறைகிறது. தீசிஸ் பாதியில் நிற்கிறது. சீட்டை விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், மதுரை

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. அதுவும் அவன் முகத்தைத் திருப்பினான் என்பதற்காக விடவே கூடாது. பழகிய முகம் எது, பழகாத முகம் எது என்று பிரித்துப் பார்த்து, பகலெல்லாம் தூக்கி வைத்திருப்பவரிடம் ஒட்டிக்கொள்ளும் வயது இது, குழந்தை வளர்ச்சியின் மைல்ஸ்டோன் என்று டாக்டர்கள் நாம் எல்லாருமே மனப்பாடம் செய்ததுதான், சொந்தக் குழந்தை என்றதும் மறந்துபோகிறது. வந்ததும் தூக்கப் போகாமல் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் அவனே வந்து உங்கள் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பான்.

நான் மகப்பேறு மருத்துவம் படிக்கும்போதுதான் என் மகள் பிறந்தாள். லேபர் வார்டில் எந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும் எனக்குப் பால் சுரந்து ஏப்ரனுக்குள் ஜாக்கெட் நனைந்துவிடும், யாரிடமும் சொல்ல முடியாமல் கூனிக் குறுகி நிற்பேன். ஒரு நாள் நர்ஸ் அக்கா ஒருவர் எதுவும் கேட்காமல் வெந்நீரில் கொதிக்க வைத்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொடுத்து, "உள்ளே போய் பீய்ச்சிட்டு வாங்க டாக்டர், பத்து நிமிஷம் நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்று ராத்திரி அந்தப் பாலை மகள் பாலாடையில் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள் என்று போனில் அம்மா சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

உங்களுக்கும் பால் குறையக் காரணம் பெரும்பாலும் மணிக்கணக்கில் எடுக்காமல் விடுவதுதான். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சிவிடுங்கள். வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மதுரை வெயிலில் உடனே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். அடுப்பில் சூடாக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். அவன்தான் இட்லியும் பருப்பு சாதமும் சாப்பிடும் வயதுக்கு வந்துவிட்டானே, பயப்பட ஒன்றுமில்லை.

சரி, படிப்பு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைப்படி மகப்பேறு விடுப்பு உண்டு, அனுமதித்ததற்கு மேல் லீவு எடுத்தால் அத்தனை நாள் கோர்ஸ் நீளும், அவ்வளவுதான். கூடப் படித்தவர்கள் முன்னால் பரீட்சை எழுதுவார்கள், எழுதட்டும். சீட்டை விட்டால் பாதியில் விட்டதற்குக் கட்ட வேண்டிய பாண்ட் பணம், மறுபடி நீட் என்று எங்கிருந்து தொடங்குவீர்கள்? தீசிஸுக்கு நோயாளிகளிடம் எடுக்க வேண்டிய விவரங்களை முதலில் முடியுங்கள், எழுதும் வேலையை அவன் தூங்கும்போது வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கைடிடம் இந்த வாரமே போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் அதே விதிமுறையில் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். அன்றைக்கு நீங்களே எண்ணெய் தேய்த்து அவனைக் குளிப்பாட்டுங்கள். அம்மா கொஞ்சம் தூங்கட்டும்.