சைலென்சர் மாற்றினால் பவர் கூடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பைக் சைலென்சர் பற்றிக் கொஞ்ச நாளாக நிறையக் கேள்விகள் வருகின்றன. கடையில் சொன்னதை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

என்னிடம் 2022 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் இருக்கிறது. கம்பெனி சைலென்சரில் சத்தமே இல்லை. ஷார்ட் பாட்டில் என்கிற குட்டை சைலென்சர் போட்டால் பேஸ் சத்தம் நன்றாக வரும், பவர் 3 பிஎச்பி கூடும், மைலேஜும் ஏறும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஏழாயிரம் ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

சத்தம் கண்டிப்பாக வரும். மற்ற இரண்டையும் நம்பாதீர்கள்.

உங்கள் வண்டி 349 சிசி. 6,100 ஆர்பிஎம்மில் 20.2 பிஎச்பி கொடுக்கிறது. இதில் 3 பிஎச்பி கூடுவது என்றால் கிட்டத்தட்ட 15 சதவீதம். கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் பாகம்), காற்று உள்ளே வரும் வழி, ஈசியூ மேப் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டர் கணக்கு) எதையும் தொடாமல், பின்னால் தொங்கும் ஒரு பாட்டிலை மட்டும் மாற்றி அவ்வளவு எடுக்க முடியாது.

ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை, எஞ்சினிலிருந்து சைலென்சருக்குப் போகும் பெண்ட் பைப் வழியாக ஓடும். பைப்பின் திறந்த முனையை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் ஒரு நொடிப்பொழுது சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவை உள்ளே வர உதவும். பவர் கூடுவது இந்த இடத்தில்தான். ரேஸ் வண்டிகளில் அந்த நேரம் நீளமாக இருக்கும்படி கேம் செய்வார்கள். உங்கள் வண்டியோ 4,000 ஆர்பிஎம்மிலேயே முழு 27 என்எம் இழுவையையும் கொடுக்கும்படி, நிதானமாக ஓட்டுவதற்காகச் செய்தது. அதில் அந்த நேரம் ரொம்பக் குறைவு. அலையின் கணக்கைத் தீர்மானிப்பதும் முக்கியமாக பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும்தான். கடைசியில் இருக்கும் பாட்டிலுக்கு அதில் பங்கு குறைவு. பெரிய துளை உள்ள சைலென்சர் போட்டவர்கள் பலர், சிக்னலில் வண்டியை எடுக்கும்போது இழுவை குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அலையின் கணக்கு கலைந்து, பெட்ரோல் கலவையும் மாறிப்போவதுதான் காரணம்.

‘போட்ட பிறகு வண்டி பறக்குது’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தம் கூடினால் வேகம் கூடியது போலவே தோன்றும். கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இதே மாடலில் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரம்) ஏற்றி எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா? இருந்தால் காட்டட்டும். காட்டியவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

அடுத்தது சட்டம். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு, கம்பெனி சோதனையில் 80 டெசிபல்தான் உச்ச வரம்பு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது, எனவே ‘கொஞ்சம்தான் கூடியிருக்கு’ என்ற பேச்சு எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், ஒலி மற்றும் காற்று மாசு விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, அத்துடன் மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு என்று இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் கொடுக்கிறது. பறிமுதல் செய்த சைலென்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதைப் பல ஊர்களில் போலீசார் செய்திருக்கிறார்கள். ஏழாயிரத்துக்கு வாங்கியது அப்படிப் போனால் யாரிடமும் கேட்க முடியாது.

சத்தத்தில் கொஞ்சம் மாற்றம் வேண்டும் என்ற ஆசையைத் தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் மாடலுக்குக் கம்பெனி அக்சஸரியாகவே சைலென்சர் வருகிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். வந்தால், வாரண்டி பாதிக்காது, சாலையில் ஓட்ட ஒப்புதல் உள்ளது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு போடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான். 200 சிசி பைக் வைத்திருக்கிறான். ‘டிபி கில்லர்’ வைத்த சைலென்சர் வாங்கினால் போலீஸ் பிடிக்காது, எல்லாம் சட்டப்படிதான் என்கிறான். உண்மையா? (கோவை வாசகி)

இல்லை அம்மா. டிபி கில்லர் என்பது சத்தத்தைக் குறைக்க சைலென்சரின் வாயில் செருகும் ஒரு சின்னக் குழாய். ஒரே ஒரு ஆலன் போல்ட்டில் நிற்கும். கழற்ற இரண்டு நிமிடம் போதும். வாங்கிய வாரத்திலேயே கழற்றிவிடுவதுதான் வழக்கம். அது உள்ளே இருந்தாலும், அந்த சைலென்சரை உங்கள் மகனின் வண்டியில் பொருத்தி யாரும் ஒலிச் சோதனை செய்து சான்று கொடுத்திருக்க மாட்டார்கள். ‘சாலையில் ஓட்டத் தகுதியானது’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பது சான்று ஆகாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில், நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எக்ஸாஸ்டுக்குள்ளேயே இருக்கிறது. ஃபுல் சிஸ்டம் என்ற பெயரில் பெண்ட் பைப்போடு மாற்றினால் அதுவும் போய்விடும். வண்டி வெளியே விடும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் எகிறும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டு வாசலில் இருப்பவர்கள்.

மகனிடம் சட்டத்தைப் பேசினால் எடுபடாமல் போகலாம். இன்ஷூரன்ஸைப் பேசிப் பாருங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்து நேரத்தில் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் தகராறு செய்ய வாய்ப்பு இருக்கிறது. லைசென்ஸே மூன்று மாதம் போகலாம் என்பதையும் சொல்லுங்கள். அதே காசில் நல்ல டயரும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள தரமான ஹெல்மெட்டும் கிடைக்கும், அதற்கு ஆசை காட்டுங்கள்.

என்னுடையது 2018 மாடல், கார்ப்ரேட்டர் வண்டி. கோல்ட் ஸ்டார் சைலென்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் போட்டேன். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கிறது. பெண்ட் பைப் நீலமாகிவிட்டது. கடைக்காரர் ‘ஓட ஓட செட் ஆகிடும்’ என்கிறார். (வேலூர் வாசகர்)

செட் ஆகாது. அப்படியே ஓட்டினால் எஞ்சினில் செலவு வரும்.

முதலில் வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கருப்பாகக் கரி படிந்திருந்தாலோ, பக்கத்தில் கையை வைத்தால் காற்று துடிப்பது தெரிந்தாலோ, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் லீக். சைலென்சர் மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் அந்த இடைவெளியில் வெளிக் காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோலோடு சேர்ந்து சைலென்சருக்குள் வெடிக்கும். புது கேஸ்கெட் பெரிய செலவு இல்லை.

அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் கவலையில்லை. சாம்பல் பூத்தது போல் வெள்ளையாக இருந்தால் கலவை லீன்: காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது. திறந்த ஃபில்டரும் போட்டிருப்பதால் உங்கள் வண்டியில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, கலவையைத் திருத்தும் பைலட் ஸ்க்ரூவையும் சரிசெய்ய வேண்டும். லீனாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் சூடு ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டனும் பிடிக்கலாம். எனக்குக் கேட்டால், கம்பெனி ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டிவிடுங்கள் என்பேன். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

காசு வாங்கிக்கொண்டு பொருத்தித் தந்தது ஒரு சேவை. அதில் குறை இருந்தால் சரிசெய்து தருவது கடைக்காரரின் கடமை. பில் கொடுத்தாரா? கேட்டும் கொடுக்காமல் இருப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிகம் என்கிறது. பில்லைக் கேட்டு வாங்குங்கள். வெடிப்பதை வீடியோ எடுத்து, வாட்ஸ்ஆப்பில் தேதியோடு அவருக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

இதைப் படிக்கும் பிஎஸ்6 வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. புது பைப்பில் அதற்கு இடமில்லை என்று சிலர் கழற்றித் தொங்கவிடுகிறார்கள். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும், மைலேஜ் விழும், சர்வீஸ் சென்டரில் வாரண்டி பேசவும் முடியாமல் போகும்.

அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ்100 பைக் வீட்டில் நிற்கிறது. சைலென்சரின் உள்குழாயை எடுத்துவிட்டால் சும்மா பறக்கும் என்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன், இழுவை குறைந்த மாதிரி இருக்கிறது. என் பிரமையா? (திண்டுக்கல் வாசகர்)

பிரமை இல்லை. மேலே சொன்ன கதை ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. டூ ஸ்ட்ரோக்கில் சைலென்சர் எஞ்சினின் ஓர் உறுப்பு என்றே சொல்லலாம். அதில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகள் வழியாகப் புகை போகும்போதே புதுக் கலவையிலும் கொஞ்சம் சேர்ந்து வெளியேறிவிடும். சைலென்சரின் வயிறு அகன்று, அப்புறம் குறுகுவது சும்மா அழகுக்கு இல்லை. குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியேறிய கலவையைத் துளை மூடுவதற்குள் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. கடைசியில் இருக்கும் குறுகிய உள்குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை உருவிவிட்டால் கணக்கே கெட்டுவிடும்.

98 சிசியில் 11 பிஎச்பி எடுத்த வண்டி அது. அந்த நாளில் யமஹாக்காரர்கள் போட்ட கணக்கை மெனக்கெட்டு மாற்றாதீர்கள். உள்குழாயைத் திரும்பப் போடுங்கள். போடும் முன் அதிலும், சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயிலும் படிந்திருக்கும் கரியைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை வருட டூடி (டூ ஸ்ட்ரோக் எஞ்சின்) ஆயில் கரி எடுத்தாலே பழைய இழுவையில் பெரும்பகுதி திரும்ப வரும். ரேசுக்கு விற்கும் சேம்பர் வகை சைலென்சரில் பவர் நிஜமாகவே கூடும், ஆனால் மேல் ஆர்பிஎம்மில் மட்டும். ஊருக்குள் இப்போது இருப்பதைவிட மோசமாக ஓடும்.

ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு ‘ஒரிஜினல் அக்ரபோவிச், டைட்டானியம்’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் மட்டமாக இருக்கிறது. ‘நோ ரிட்டர்ன்’ என்று கையை விரிக்கிறார்கள். என்ன செய்யலாம்? (சென்னை வாசகர்)

அக்ரபோவிச் ஸ்லோவேனியா நாட்டுக் கம்பெனி. அவர்களுடைய ஒரிஜினல் சைலென்சர் இந்த விலைக்கு வர வழியே இல்லை. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: டைட்டானியத்தில் ஒட்டாது. ஒட்டினால் சாதா இரும்பு அல்லது மலிவான ஸ்டீல். ஒட்டாவிட்டாலும் டைட்டானியம் என்று முடிவு கட்டாதீர்கள், 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. போன் டார்ச்சை வாயில் அடித்துப் பாருங்கள். நல்ல சைலென்சரில் சல்லடைக் குழாயும் அதைச் சுற்றி இறுக்கமாகத் திணித்த கிளாஸ் உல்லும் தெரியும். போலிகளில் பஞ்சு மாதிரி ஏதோ கொஞ்சம் சுற்றியிருப்பார்கள். சில மாதத்தில் எரிந்து தீர்ந்து, தகரம் அதிரும் சத்தம்தான் மிஞ்சும்.

‘நோ ரிட்டர்ன்’ என்பது உங்கள் விஷயத்தில் செல்லாது. 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. பொருளின் பக்கத்தில் ‘ஒரிஜினல்’, ‘டைட்டானியம்’ என்று இருக்கும் வரிகளை அவர்கள் அழிப்பதற்குள் இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். காந்தம் ஒட்டும் வீடியோவையும் சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஏற்பு தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

புகாரில் ‘போலி’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘போலீஸ் அபராதம் போட்டுவிட்டார்கள், அதையும் தர வேண்டும்’ என்று சேர்த்தால் உங்கள் பக்கம் பலவீனமாகும். ‘ரேஸ் டிராக்கில் மட்டும் பயன்படுத்தவும்’ என்று அந்தப் பக்கத்தில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும்.

பழைய பைக் ஒன்று பேசி முடிக்கப் போகிறேன். அதில் வேறு சைலென்சர் இருக்கிறது. ‘இது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்’ என்று ஐயாயிரம் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? (சேலம் வாசகர்)

ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள். கம்பெனி சைலென்சர் எங்கே என்று கேளுங்கள். வீட்டில் இருக்கிறது என்றால், அதை மாட்டி, ஓட்டிப் பார்த்து, பொல்யூஷன் சர்டிபிகேட் புதிதாக எடுத்துத் தந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். விற்றுவிட்டேன் என்றால், ஷோரூமில் புது சைலென்சர், பெண்ட் பைப் விலையைக் கேட்டு, அந்தத் தொகையைப் பேசிய விலையிலிருந்து கழியுங்கள். ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிய பிறகு வண்டியை மடக்கினால், முந்தைய ஓனர் மாட்டியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பிளக்கையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். நுனி வெள்ளையாக இருந்தால் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் எஞ்சினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்க்காமல் வாங்க வேண்டாம்.