வாசகர் கேள்வி – பதில்: எல்லைக்கு வெளியே போன துளைகள்

கேள்வி: மண் பரிசோதனை நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். சென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் மண்ணைச் சோதிக்கப் பல ஆண்டுகளாகப் போட்ட துளைகளின் விவரங்கள் எக்செல் அட்டவணையாக உள்ளன. மண்டல எல்லையின் ஷேப்ஃபைலை (எல்லைக் கோட்டைச் சேமித்த கணினிக் கோப்பு) கொண்டு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வடிகட்டினால், காசிமேட்டுத் துளைகள் சில விடுபடுகின்றன; சில கடலில் நிற்கின்றன. பிழை எங்கே?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். அது ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கோட்டை நீட்டி, அக்கோடு எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படையானால் உள்ளே, இரட்டைப்படையானால் வெளியே. காசிமேடு எது, கடல் எது என்பது அதற்குத் தெரியாது.

முதலில் அட்டவணையைப் பாருங்கள். களப் பதிவேட்டில் 13 பாகை 7 கலை 30 விகலை (டிகிரி, நிமிடம், விநாடி) என்று இருப்பதை 13.0730 என்று தட்டச்சு செய்திருப்பார்கள். சரியான தசம மதிப்பு 13.125; அந்தத் தட்டச்சுப் பிழையால் துளை ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிலோமீட்டர் தெற்கே போய்விடும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினாலோ, தண்டையார்பேட்டைத் துளை வட துருவத்தை நெருங்கிவிடும். அது உடனே கண்ணில் படுவதால் ஆபத்தில்லாத பிழை. பழைய நில அளவை வரைபடத்திலிருந்து எடுத்த ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) இன்றைய ஜிபிஎஸ் ஆயங்களோடு அப்படியே கலந்தால் நூறு மீட்டருக்கும் மேலாக விலகல் வரக்கூடும். ஷேப்ஃபைலோடு வரும் பிஆர்ஜே கோப்பு தொலைந்திருந்தால், எல்லை எந்த ஆய முறையில் வரையப்பட்டது என்பதையே நீங்கள் ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஆயங்கள் சரியாக இருந்தும் துளை கடலில் நின்றால், குற்றம் எல்லைக் கோட்டினுடையது. மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரையும் தூண்டில் வளைவுகளையும் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் சுவர்கள்) விட்டுவிட்டு, கரையை நேர்கோடாக இழுத்திருப்பார்கள்.

இவற்றைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, எல்லையை வைத்து வெட்டும் வேலையைக் கடைசியில் செய்யுங்கள் என்பதே. வார்டுவாரியாகத் துளைகளை எண்ணுவதற்கு நேரடி வடிகட்டல் போதும். களிமண் அடுக்கின் தடிமனை வரைபடமாக்குவதாக இருந்தால், தெருவுக்கு எதிர்ப்புறம் நாற்பது மீட்டரில் உள்ள துளையை வேறு மண்டலம் என்று தள்ளிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள துளையை நம்புவது விபரீதம். எல்லையைச் சுற்றி 500 மீட்டர் கூட்டித் துளைகளைத் தேர்ந்தெடுத்து, துளைகளுக்கு இடையிலுள்ள இடங்களின் மதிப்புகளைக் கணக்கிட்ட பிறகு வெட்டுங்கள். அதற்கு முன் மென்பொருளில் உள்ள தரவு அடுக்கை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆய முறைக்கு மாற்றிவிட வேண்டும். பாகையிலேயே விட்டு 500 என்று கொடுத்தால், மென்பொருள் அதை 500 பாகை என்றே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: வடிகட்டிய துளைகளின் ஆழங்களை நேரடியாக ஒப்பிடலாமா?
— வாசகர், எண்ணூர்

பதில்: கூடாது. எல்லை தரையைத்தான் பிரிக்கும், ஆழத்தை அறியாது. மண் கொட்டி மேடாக்கிய மனையில் 6 மீட்டரில் தட்டுப்படும் களிமண், பக்கத்துப் பள்ளத்தில் 4 மீட்டரிலேயே தட்டுப்படலாம். துளை வாயின் உயரத்தைச் சராசரி கடல் மட்டத்திலிருந்து குறித்து, அதிலிருந்து ஆழத்தைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.